கமாகுவே வரிசையில் கடைசி ஆள்

1

இந்த மாதத்தோடு நான் ஷார்ஜா வந்து இருபத்தைந்து வருஷம். “அங்கேயே செட்டில் ஆயிட்டீங்களா?” என்று ஊரில், பாளையங்கோட்டையில், கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டி வைப்பேன். விளக்கம் சொன்னால் அவர்கள் கொடுத்த காபி ஆறிவிடும். உள்ளபடிக்கு இங்கே யாரும் குடியேறுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, நெஞ்சை எக்ஸ்ரே பிடித்து, விரல் விரலாக ரேகை பார்த்து என்னைப் புதுப்பிக்கிறார்கள். கார் இன்ஷூரன்ஸையும் அப்படித்தான் செய்கிறார்கள். காருக்கு ரத்தம் எடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளி விழாவுக்கு ஆபீசில் கேக் வெட்டவில்லை. கம்பெனி கைமாறிக்கொண்டிருக்கிறது. கேக் யார் கணக்கு என்பதில் பழைய முதலாளிக்கும் புது முதலாளிக்கும் குழப்பம் இருந்திருக்கும். நானும் ஞாபகப்படுத்தவில்லை. இந்த வயதில், இந்தச் சமயத்தில், இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று முதலாளிக்கு ஞாபகப்படுத்துவது புத்திசாலித்தனம் அல்ல.

துபாய் டேராவில் ஒரு டிராவல்ஸில் விசா காகிதங்கள் பார்ப்பது என் உத்தியோகம். கூடவே இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்து பல காலம் ஆகிறது. எந்த நாட்டுக்கு டிக்கெட் போட்டாலும் அந்த நாட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் அச்சடித்துப் பயணியின் கையில் கொடுப்போம். அதை எழுதுவது நான். ஜப்பானில் எவ்வளவு குனிய வேண்டும், தாய்லாந்தில் யார் தலையைத் தொடக் கூடாது, எல்லாம் என் கைவண்ணம். நான் போயிருக்கும் வெளிநாடுகள் மொத்தம் இரண்டு. ஒன்றில் இருக்கிறேன். இன்னொன்று பஹ்ரைன்; அங்கே ஒரு மத்தியானம் இருந்தேன்.

சென்ற குளிர்காலத்தில் கியூபாவுக்கு ஒரு பக்கம் எழுதினேன். அறிமுகமானவுடன் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம் கொடுப்பார்கள், பின்வாங்காதீர்கள். குட்டிக் கோப்பையில் கறுப்பாக, இனிப்பாகக் காபி தருவார்கள், மறுக்காதீர்கள். குண்டாக இருந்தால் குண்டா என்றே கூப்பிடுவார்கள், பிரியத்தில்தான், கோபிக்காதீர்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தியவர்கள் விரதம் எடுத்தவர்களாக இருக்கலாம், தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். யார் வீட்டுக்காவது போனால் சோப்பு, தலைவலி மாத்திரை, காபித் தூள் கொண்டுபோங்கள், பூங்கொத்தை விடப் பெரிதாக மதிப்பார்கள். இப்படிப் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் தோஹாவிலிருந்து கூப்பிட்டாள். காந்திமதி என்று பெயர், மதி என்று கூப்பிடுகிறோம். கைக்குழந்தையாக ஷார்ஜா ரோலா பகுதியில் இருக்கும் இந்த பிளாட்டுக்கு வந்தவள். இப்போது அங்கே ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன்.

“அப்பா, கியூபா ஷீட் நீதானே எழுதினது? எனக்கு ஒண்ணு அனுப்பு.”

“யாருக்கும்மா, உன் டாக்டர் யாராவது டூர் போறாங்களா? நம்ம கிட்டயே டிக்கெட் போடச் சொல்லு.”

“எனக்குத்தான்ப்பா.”

“டூரா?”

“இல்ல. இருக்கப் போறேன்.”

வாடிக்கையாளர் கிடைத்தார் என்று நான் மேஜை இழுப்பறையில் பேனா தேடிக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்தது பிரஷர் மாத்திரை.

2

பையன் பெயர் யோயெல். அதே மருத்துவமனையில் நர்ஸ். ஊர் கமாகுவே. கியூபாவின் நடுவில் இருக்கிறது. நான் எழுதிய பக்கத்தில் அந்த ஊர் இல்லை. அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. அம்மா தனியாக இருக்கிறாள், கண் மங்கிக்கொண்டு வருகிறது, ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறாள். ஒரே பிள்ளை, திரும்பிப் போகிறான். மதியும் போகிறாள். அங்கே கல்யாணம், அங்கேயே வாழ்க்கை.

நாங்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடியவர்கள். கரண்ட் இல்லாத இடத்திலிருந்து கரண்ட் இருக்கும் இடத்துக்கு, வரிசையில் நிற்கும் இடத்திலிருந்து டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு. என் அத்தான் ஒருவர் என்னை வரவழைத்தார், நான் தம்பியை வரவழைத்தேன், தம்பி மச்சினனை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ரிவர்ஸ் கியர் கிடையாது. இவள் போட்டுவிட்டாள். மெழுகுவத்தி எரியும் ஊருக்கு, முட்டைக்குக் காத்து நிற்கும் ஊருக்கு, முட்டையில் எத்தனை கிராம் புரதம் என்று சொல்லத் தெரிந்த ஒரு பெண் போகிறாள்.

என் பயத்தை ஒழுங்காகவே அனுபவித்தேன். முதலில் உலக வரைபடத்தில் தோஹாவுக்கும் கமாகுவேக்கும் நடுவே ஸ்கேல் வைத்தேன். ஸ்கேல் போதவில்லை. பிறகு அந்த ஊரின் மின்வெட்டுச் செய்திகளை நானே தேடி நானே படித்து, ரத்த அழுத்தம் அளந்து, மறுபடி படித்தேன். அடுத்த மேஜை சிவநேசன் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கணக்குப் பிரிவு.

“அண்ணை, அந்த மெசினையும் கொஞ்சம் ஆற விடுங்கோ. பேந்து அதுக்கும் பிரசர் வந்திடும்.”

“உங்க பொண்ணா இருந்தா தெரியும் சிவா.”

“என்ர பிள்ளையள் ரெண்டும் கனடாவில. ரெண்டும் தமிழ்ப் பெடியளைத்தான் கட்டினதுகள். நான் கண்டு நாலு வருசம். உங்கட பிள்ளை எங்க போனா என்ன, போனது போனதுதான். கியூபாவெண்டு தனியா அழுறதுக்கு ஒண்டும் இல்லை.”

ஆறுதல் சொல்வதில் யாழ்ப்பாணத்தார் எப்போதும் நேர்வழிக்காரர்கள்.

3

என்னிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. நான் எழுதிய பக்கம். சுற்றுலாக்காரனுக்குச் சுவையாக இருப்பது குடித்தனம் செய்பவளுக்குக் கசக்கும் அல்லவா. ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பயமுறுத்தும் விதமாகத் திருப்பி எழுதிக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டேன். கோமதி, என் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அங்க பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டாம உள்ள வந்துருவாங்களாம், தெரியுமா?”

“தெரியும்ப்பா. வந்து கிச்சன்ல உக்காந்துடுவாங்க.”

“என்ன சம்பளம், என்ன வெயிட்டு, ஏன் இன்னும் குழந்தை இல்ல, எல்லாம் முகத்துக்கு நேரா கேப்பாங்களாம்.”

“ம்.”

“குண்டுன்னா குண்டுன்னு கூப்பிடுவாங்க. கறுப்புன்னா கறுப்பு.”

“ம்.”

“சாப்பாட்டு நேரத்துல போனா சாப்பிடாம விட மாட்டாங்க. தனக்கு இல்லேன்னாலும் தட்டுல போடுவாங்க. வேண்டாம்னா மூஞ்சி தொங்கிப் போயிரும். கரண்ட் போச்சுன்னா தெருவே வெளிய வந்து நாற்காலி போட்டு உக்காந்து ஊர்க்கதை பேசும்.”

கோமதி கீரையிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னாள்: “பாளையங்கோட்டையப் பத்தி என்னத்துக்கு இப்பம் அவகிட்ட சொல்லிட்டிருக்கீங்க?”

போனின் அந்தப் பக்கம் மதி சிரித்த சிரிப்பில் எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது.

சிரித்து முடித்து அவள் சொன்னாள். அவள் தமிழ் பாதி இங்கிலீஷ், வரிசை முன்பின்னாக வரும், நான் கோத்துத் தருகிறேன். “அப்பா, நம்ம பில்டிங்ல நான் இருபது வருஷம் இருந்தேன். லிஃப்ட்ல தினமும் ஹலோ சொன்ன ஆன்ட்டி பேரு எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவங்க வரல. வீடு காலி. எங்க போனாங்கன்னு கேக்க ஆள் இல்ல. யோயெலோட அம்மா வீட்டுல நான் ஒரு வாரம் இருந்தேன். தெருவுல எல்லார் பேரும் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் என் பேரு தெரியும்.”

“ஒரு வாரம் இருந்தியா? எப்ப?”

“போன லீவ்ல. ஃப்ரெண்ட்ஸோட போறேன்னு சொன்னேன்ல.”

ஃப்ரெண்ட்ஸோட என்பது பொய்யில்லைதான். நான்தான் எண்ணிக்கை கேட்கவில்லை. எனக்கு மிச்சம் இருந்தது ஒரே வரி. கமாகுவேயில் மழைத் தண்ணீர் பிடிக்க ஆள் உயரத்துக்குப் பெரிய மண்பானைகளை முற்றத்தில் வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் அந்த ஊரிலேயே தங்கிவிடுவார் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பயமுறுத்த ஒன்றுமில்லாமல் அதைச் சொன்னேன்.

“குடிச்சாச்சுப்பா,” என்றாள். “ரெண்டு டம்ளர்.”

எனக்கு ஊர் ஏக்கம் கிடையாது, இதைப் பதிவு செய்துவிடுகிறேன். கதவைத் தட்டாமல் வரும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்துதான் நான் பாளையங்கோட்டையிலிருந்து ஓடி வந்தேன். பெயர் தெரியாத அயலாருக்காக இத்தனை வருஷம் வாடகை கொடுத்திருக்கிறேன், வருஷா வருஷம் ஏற்றித் தந்திருக்கிறேன். அதைத்தான் மகளுக்குச் சொத்து மாதிரி சேர்த்து வைத்தேன். அவளுக்கு அது வேண்டாமாம்.

4

கல்யாணத்துக்கு நாங்கள் போக முடியாது. கம்பெனி கைமாறும்போது எங்கள் எல்லோருடைய விசாவும் புது முதலாளி பெயருக்கு மாற வேண்டும். நடுவில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்று கேட்டேன். “இன்ஷா அல்லா” என்றார் மானேஜர். இங்கே இருபத்தைந்து வருஷம் இருந்தவனுக்கு அந்த இன்ஷா அல்லாவின் சுருதி தெரியும். போகாதே என்று அர்த்தம்.

அதனால் அவர்கள் வந்தார்கள். மதி எங்களோடு, யோயெல் சிவநேசன் பிளாட்டில் என்று ஏற்பாடு. நான் முத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் வைத்துக் கோமதிக்கு முத்தம் கொடுத்தால் எதிர் பிளாட் எகிப்துக்காரர் பார்ப்பார், வாட்ச்மேன் பார்ப்பான், இது ஷார்ஜா. ஆகவே கதவைத் திறந்ததும் அவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, பிறகு வரவேற்பது என்று திட்டம். ஆபீசில் சிவநேசனோடு ஒத்திகை கூடப் பார்த்தேன். அவர் யோயெலாக நடித்தார். பியூன் உள்ளே வந்துவிட்டதால் அது பாதியில் நின்றது.

திட்டப்படி இழுத்தேன். ஒல்லியாக, நெட்டையாக, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பையன் தடுமாறி உள்ளே விழுந்தான். நிமிர்ந்தான். நேராகக் கோமதியிடம் போய்க் கன்னத்தோடு கன்னம் வைத்தான். சத்தமாக ஒன்று. நான் சுவரைப் பார்த்தேன்.

“பரவால்ல,” என்றாள் கோமதி, “ஷேவ் பண்ணிட்டுத்தான் வந்திருக்கான்.”

என்னிடம் திரும்பி, கட்டிப் பிடித்து, முதுகில் தட்டி, வயிற்றைப் பார்த்து அன்போடு “கோர்தோ” என்றான். குண்டா. நானே அச்சடித்த வரி. கோபிக்காதீர்கள் என்று போட்டதும் நானே.

இன்னொன்று. கியூபாவில் புது ரம் பாட்டில் திறந்தால் முதல் சொட்டுகளைப் புனிதர்களுக்கென்று தரையில் விடுவார்கள். ஷார்ஜாவில் ரம்முக்கு வழியில்லை. கோமதி ரோஜா சர்பத் பாட்டிலைத் திறக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்தாள். பழக்க தோஷம், முதல் சொட்டு எங்கள் பழுப்பு நிறக் கம்பளத்தில். பையன் வெலவெலத்துப் போனான். கோமதி குனிந்து கறையைப் பார்த்தாள்.

“யாருக்குடே?” என்று தமிழிலேயே கேட்டாள்.

மதி மொழிபெயர்த்தாள். சாமிக்கு என்று பதில் வந்தது.

“அப்பம் இருக்கட்டும்,” என்றாள். அந்தக் கறையை இன்றுவரை துடைக்க விடவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது, இந்த வீட்டில் எதிர்க்கட்சி நான் ஒருவன்தான்.

5

ஆனால் என்னிடம் கையெழுத்து இருந்தது.

கல்யாணப் பதிவுக்கு மதி திருமணமாகாதவள் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். பிறந்தது திருநெல்வேலி, வளர்ந்தது ஷார்ஜா, வேலை கத்தார், கல்யாணம் கியூபா. இப்படி ஒருத்திக்கு எந்த நாடு சான்றிதழ் தரும் என்று எந்த நாட்டுக்கும் தெரியவில்லை. கடைசியில் பெற்ற அப்பா நேரில் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் அதை வைத்து மற்ற முத்திரைகள் விழும் என்று வழி பிறந்தது. வேறு வழிகளும் உண்டு. மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் யோயெல் கிளம்பியாக வேண்டும். கிளம்பி, கடல் தாண்டி, கண் மங்கிய அம்மாவோடு, கரண்ட் இல்லாத ஊரில் இருந்துகொண்டு எத்தனை மாதம் ஒரு பையன் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டிருப்பான்? நான் கணக்குப் போட்டேன். அப்பாக்களின் கணக்கு அசிங்கமானது, ஆனால் துல்லியமானது.

முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தாமதம் செய்யத்தான் தெரியும். ஆகவே திட்டம்: அவர்களோடு போவது, வரிசையில் நிற்பது, என் முறை வருவதற்கு முன் சிவநேசன் போன் செய்வது, ஆபீசில் அவசரம் என்று நழுவுவது. அடுத்து வார விடுமுறை. அதற்கடுத்து அவர்கள் தோஹா திரும்ப வேண்டும்.

முத்திரை போடும் அந்த சென்டர் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. டோக்கன் மெஷின் வேலை செய்யவில்லை. கதவின் முன்னால் கூட்டம், வெயில், ஒருவர் முதுகில் ஒருவர். கட்டட வேலை சைட்டிலிருந்து லீவ் போட்டு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், என்னைப் போலக் கழுத்தில் ஐடி கார்டு தொங்குபவர்கள். செக்யூரிட்டி “பீச்சே, பீச்சே” என்று பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான்.

யோயெல் அந்தக் கூட்டத்தைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. நோயாளியைப் பார்த்த நர்ஸின் பார்வை. மருத்துவமனையில் பொறுக்கிய இந்தியில் சத்தமாகக் கேட்டான்: “பாய், லாஸ்ட் கோன்?” கடைசி ஆள் யார்?

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போனேன். வரிசையைப் பற்றி என் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கிறேன், “கியூபாவில் வரிசையில் சேரும்போது கடைசி ஆள் யார் என்று கேளுங்கள்” என்று. எதற்கு என்று நானும் யோசித்ததில்லை. அவன் செய்து காட்டினான். கடைசி ஆள் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர், லாரி டிரைவர், கை தூக்கினார். அவரிடம் இன்னொரு கேள்வி: உங்களுக்கு முன்னால் யார்? டிரைவர் ஒரு மலையாளிச் சேச்சியைக் காட்டினார். அவ்வளவுதான். டிரைவருக்குப் பின் நாங்கள். டிரைவர் இடையில் கிளம்பினாலும் சேச்சிக்குப் பின் நாங்கள். இது தெரிந்துவிட்டால் யாரும் நிற்க வேண்டியதில்லை. நிழலில் உட்காரலாம், டீ குடிக்கலாம்.

அவன் ஒவ்வொருவரிடமும் போய் இதைச் சொன்னான். சிரித்தார்கள், பிறகு செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் காலி. எதிர்ப் பக்க நிழலில், ஸ்டேஷனரி கடைப் படிக்கட்டில், பார்க் செய்த வேன் மறைவில் என்று சிதறி உட்கார்ந்திருந்தது வரிசை. சேச்சி டிரைவரின் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். செக்யூரிட்டிக்குத் தள்ள ஆளில்லாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்.

சிவநேசன் சொன்னபடி கூப்பிட்டார்.

“அண்ணை, என்ன சொல்லோணும்? ஒஃபிஸ் எரியுதெண்டு சொல்லவோ, கம்ப்யூட்டர் படுத்திட்டுதெண்டு சொல்லவோ?”

“அப்படியா, உடனே வரணுமா? சரி, வர்றேன்,” என்றேன் கவலையான குரலில். போனை வைத்துவிட்டு யோயெலிடம் ஆபீசில் பெரிய சிக்கல் என்றேன்.

“போங்கள்,” என்றான் அவன். இங்கிலீஷில்தான், மரியாதையாக. “ஆனால் கடைசி ஆள் நீங்கள். நீங்கள்தானே கையெழுத்துப் போட வேண்டியவர், இந்த இடம் உங்களுடையது. கடைசி ஆள் அப்படியே போகக் கூடாது. அடுத்து வருபவர் யாருக்குப் பின்னால் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? ஒருவர் வரட்டும். அவர் கேட்பார். நான்தான் என்று சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை.”

விளையாட்டாகச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சரி, ஒருவர் வரட்டும் என்று வழியைப் பார்த்தேன். வெளி கேட்டை செக்யூரிட்டி சாத்திக்கொண்டிருந்தான். அன்றைக்கு இதற்கு மேல் ஆள் எடுப்பதில்லையாம்.

மதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சிவா அங்கிள்தானே?” என்றாள்.

நான் டீயைக் கிளறினேன். அது பேப்பர் கப், கரண்டி கூட இல்லை, விரலால் கிளறினேன் என்று பிறகு சொன்னாள்.

“அப்பா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. நான் அழுவேன், ஃபைட் பண்ணுவேன், பட் நீ சொன்னன்னு எனக்குத் தெரியும். இது மாதிரி போன் வேண்டாம்.”

“சொன்னா போக மாட்டியா?”

“போவேன். லேட்டாப் போவேன். நீ தலையில கைவச்சு அனுப்பினதா இருக்காது, அவ்வளவுதான்.”

சேச்சி உள்ளே போனாள். பிறகு டிரைவர். போகும்போது என்னைப் பார்த்து, அடுத்தது நீதான் என்று விரலைக் காட்டினார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் என் மகள் வயது. “இவர் இதுவரை யாரையும் மணந்ததில்லை, இவருடைய திருமணத்துக்கு உங்களுக்கு ஆட்சேபம் இல்லை, சத்தியமா?” என்று தூக்கக் கலக்கத்தில் ஒப்பித்தாள்.

“முதல் பாதிக்குச் சத்தியம் பண்றேன்,” என்றேன்.

“அங்கிள், ஜோக் வேண்டாம். சிஸ்டம் லாக் ஆயிடும்.” பேனாவை நீட்டினாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். “உங்களுக்குப் பின்னால யாராவது இருக்காங்களா?”

திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

“இல்லம்மா. நான்தான் கடைசி.”

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து வழக்கமாகக் கொஞ்சம் மேலே ஏறும். அன்றைக்குக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதையும் ஒப்புக்கொண்டார்கள்.

6

பிறகு சாமான் கட்டினோம். கல்ஃபில் பெட்டி கட்டுவது ஒரு தனிக் கலை, கோமதி அதில் கெட்டிக்காரி. இருபத்தைந்து வருஷமாகப் பாளையங்கோட்டைக்குக் கட்டியவள். அட்டைப் பெட்டி, உள்ளே சோப்பு, பால் பவுடர், தலைவலித் தைலம், பாதாம், டார்ச் லைட், மேலே டேப், அதற்கு மேல் நைலான் கயிறு, மார்க்கர் பேனாவில் நாலு பக்கமும் பெயர். இந்தப் பெட்டிகளை இப்போது ஊரில் யாரும் மதிப்பதில்லை. போன முறை என் தம்பி மனைவி, “இதே சோப்பு நம்ம தெருமுனையில இதவிடக் கம்மி விலைல கிடைக்கே அத்தான்” என்று சொல்லிவிட்டாள். ஷார்ஜா திரும்பியதும் கோமதி கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டவள் பிறகு எடுக்கவில்லை.

இப்போது எடுத்தாள். கமாகுவேயில் சோப்புக்கு மதிப்பு இருக்கிறது. சம்பந்தியம்மாளுக்குப் பிடித்த வாசனை எது என்று யோயெலிடம் கையால் சைகை செய்து கேட்டு, சந்தனத்தை விட்டு எலுமிச்சைக்கு மாற்றினாள். கயிற்றை ஒரு காலால் மிதித்துக்கொண்டு இழுத்துக் கட்டும்போது அவள் முகத்தில் பழைய சுறுசுறுப்பு. நான் மார்க்கரால் எழுதினேன். ஷார்ஜா டு கமாகுவே. எழுதிவிட்டுப் பார்த்தபோது யாரோ வேடிக்கைக்கு எழுதியது போல இருந்தது.

ஒரு அம்மாவுக்குப் பிள்ளை திரும்பிக் கிடைக்கிறான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அதற்குச் செலவு என் பக்கத்திலிருந்து போகிறது.

7

தோஹா வேலையை முடித்துக்கொண்டு இருவரும் ஷார்ஜா வழியாகவே கிளம்பினார்கள். விமானம் துபாயிலிருந்து. ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலையைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அடுத்த தெருதான், அடுத்த நாள் போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்தபோது செக்-இன் வரிசை தேய்ந்து விட்டது. நாங்கள்தான் கடைசி. யோயெல் பழக்கத்தில் கேட்டான், “லாஸ்ட் கோன்?” முன்னால் இருந்த பெரியவர் கை தூக்கினார். நால்வரும் அவருக்குப் பின்னால் நின்றோம்.

சோப்புப் பெட்டி எடை கூடிப்போய், பிரித்து, பால் பவுடரை எடுத்து, மதி தோள் பையில் திணித்து, மறுபடி கட்டினோம். கோமதிக்குக் கயிறு முடிச்சு சரியாக விழவில்லை. கவுன்ட்டரில் பெட்டிகள் உள்ளே நகர்ந்தன. பாஸ்போர்ட் பக்கம் பயணிகள் மட்டும்.

யோயெல் கோமதிக்கு முத்தம் கொடுத்தான், நடு விமான நிலையத்தில். நான் சுவரைத் தேடவில்லை. எனக்கும் கொடுத்தான். மதி என் சட்டைப் பையைச் சரி செய்தாள். “மாத்திரை போடு. பேப்பர்ல வர்றதப் பாத்துப் பயப்படாத. கரண்ட் இருக்கும்போது கூப்பிடறேன்,” என்றாள். இந்த வாக்கியத்தைக் கேட்பதற்குத்தான் நான் இத்தனை வருஷம் புதுப்பித்துக்கொண்டேனா என்று கேட்கத் தோன்றியது. “சரிம்மா. தண்ணி மட்டும் கொதிக்க வச்சுக் குடி,” என்றேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய்க் கையசைத்தாள். அங்கேயும் ஒரு வரிசை. அதில் அவள் யாருக்குப் பின்னால் என்று எனக்குத் தெரியவில்லை.

செக்-இன் பக்கம் பட்டைக் கயிறு கட்டிய பாதை காலியாக இருந்தது. நான் அதன் கடைசியில், முன்பு நின்ற அதே இடத்தில் வந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கவுன்ட்டர் பெண் மேலே இருந்த பெயர்ப் பலகையை அணைத்தாள்.

“ஏன் நிக்கீங்க?” என்றாள் கோமதி. “வாங்க, பார்க்கிங் சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு.”

“நான்தான் கடைசி. யாராவது ஒரு ஆள் வரட்டும். சொல்லிட்டு வர்றேன்.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். குரல் பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கோமதி என்னைப் பார்த்தாள், காலியான பாதையைப் பார்த்தாள். தள்ளுவண்டியை ஓரமாக விட்டாள். சுற்றி வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

“யாரு கடைசி?”

“நான்தான்.”

“உங்களுக்கு முன்னால?”

“மதி. போயிட்டா.”

“சரி. இப்பம் நான் கடைசி. நீங்க போகலாம்.”

நான் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நிஜமாகவே அவள் முறைக்குக் காத்திருப்பவள் போல நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெளிக்கதவு வரை தரை பளபளவென்று கிடந்தது.

“நான் போயிட்டா நீ எப்படி வருவே?” என்றேன்.

நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் நின்று, யார் கடைசி என்று கேட்டேன்.